ரயிலுக்குச் சலுகை, தங்குவதற்கு?

டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வசிக்கும் மத்திய சர்க்கார் குமாஸ்தாவுக்கு, 4 ஆண்டுக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கும் குடும்பத்துடன் சென்றுவர எல்.டி.சி. சலுகை உண்டு. கடல் பார்க்கக் குழந்தைகள் ஆசைப்பட, பலர் கன்னியாகுமரிக்குப் புறப்படுகிறார்கள். நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். இரண்டு நாள் பயணம். டிக்கெட் பணம் கிடைத்துவிடும். அறை வாடகைக்கு மட்டும் விதியில் இடமில்லை.

கஷ்டம் இங்கேதான் ஆரம்பம். கைக்கு அடக்கமான வாடகையில் பலருக்கும் கிடைப்பது சுவரில் உப்புப் பூத்து, குழாய் ஒழுகி, படுக்கை விரிப்பு மாற்றாத லாட்ஜ் அறை. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிப்பது இயற்கை. அழுக்கு விரிப்புக்குக் கடல் பொறுப்பாகுமா? சபரிமலை சீசனில் வாடகை ஏறுகிறது, விரிப்பு மாறுவதில்லை.

மலிவென்றால் அசுத்தம் என்பது விதியல்ல. அவ்வூரிலேயே விவேகானந்த கேந்திரம் குறைந்த கட்டணத்தில் தங்க இடம் தருகிறது. மத்திய சர்க்கார் ஊழியருக்கென விடுமுறை இல்லமும் இருக்கிறது. ஆனால் வருகிற கூட்டத்துக்கு இவை போதா.

ஆகவே, பயணச் சலுகை தரும் சர்க்கார் விடுமுறை இல்லங்களில் அறைகளைப் பெருக்க வேண்டும். உள்ளூர் நிர்வாகம் லாட்ஜுகளை அடிக்கடி சோதித்து, வாடகையை வாசலில் எழுதிவைக்கச் செய்ய வேண்டும். பயணிகளும் பணம் கட்டுமுன் அறையைப் பார்க்கத் தயங்கக் கூடாது. குமாஸ்தா அரண்மனை கேட்கவில்லை. வெளுத்த விரிப்பும் தண்ணீர் வரும் குழாயும்தான் கேட்கிறார்.