சண்டை அவங்களுக்கு, பில்லு நமக்கு

இந்தத் தலைப்பை எங்கள் கூட்டத்துல சொன்னதும் ஒரு அக்கா சிரிச்சிட்டாங்க. "நொக்கியாவும் அமேசனும் கோர்ட்டுல அடிச்சிக்கிட்டா நமக்கு என்னா தம்பி? நம்ம லயத்துக்கு இன்னும் சிக்னலே ஒழுங்கா வரல."

நியாயமான கேள்வி. கொரோனா காலத்துல ஒன்லைன் வகுப்புக்கு சிக்னல் தேடி இறப்பர் மலை உச்சிக்கு ஏறினவங்க நாங்க. வீட்டுல ஒரே போன், அதுல மூணு பிள்ளைங்க படிச்சோம். போட்ட ரீலோட் பாடம் முடியுறதுக்கு முன்னாடியே முடிஞ்சி போகும். வீடியோ எவ்வளவு டேட்டா தின்னும் என்பது நமக்குப் புத்தகப் படிப்பு இல்லை, அனுபவிச்ச விசயம். அதனால்தான் இந்தச் சண்டை நம்ம சண்டையும்தான் என்கிறோம். அந்த அக்காவுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

2023 ஒக்டோபரில் நொக்கியா கம்பனி அமேசன் மீது அமெரிக்கா, ஜேர்மனி, பிரித்தானியா, இந்தியா ஆகிய நாடுகளிலும் ஐரோப்பாவின் ஒருங்கிணைந்த ஆக்கவுரிமை நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தது. ஆக்கவுரிமை என்றால் நாம் பேச்சில் சொல்லும் பேட்டன்ட். அமேசனின் பிரைம் வீடியோ சேவையும் டீவியில் செருகுகிற அதன் ஸ்ட்ரீமிங் கருவிகளும் தன்னுடைய வீடியோ தொழில்நுட்பங்களை உரிமம் வாங்காமல் பயன்படுத்துகின்றன என்பது நொக்கியாவின் குற்றச்சாட்டு. 2024 ஜூலையில் அமேசன் திருப்பி அடித்தது: கிளவுட் தொழில்நுட்பத்தில் எங்கள் ஆக்கவுரிமைகளை நீ மீறுகிறாய் என்று நொக்கியா மீது அமெரிக்காவில் ஒரு வழக்கு. அதே செப்டெம்பரில் மியூனிக் நீதிமன்றம் நொக்கியா பக்கம் தீர்ப்பளித்தது. 2025 மார்ச் கடைசியில் இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எல்லா வழக்கும் முடிவுக்கு வந்தது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? அது இரகசியம்.

இந்த இடம் நமக்குப் பழக்கமான இடம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகள் கைக்குப் போன பிறகு நம்ம சம்பளத்தை கூட்டு ஒப்பந்தம் என்ற பேரில் கொழும்பில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நம்ம அம்மாமார் பிரட்டுக் களத்துல நின்னு, கையெழுத்து விழுந்ததுக்கு அப்புறம்தான் தொகையைக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டாங்க. ஆனா அதுல கூட கடைசியில தொகை வெளியே வந்துச்சு. இங்கே அதுவும் இல்லை.

சரி, எதற்காக இவ்வளவு சண்டை? எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலை மலையை போனில் வீடியோ எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை அசையாது. செடியும் பெரிதாக அசையாது. கொழுந்து பறிக்கிற கைகள்தான் அசையும். ஒரு நொடிக்கு 25, 30 படங்கள் வீதம் ஒவ்வொரு படத்திலும் முழு மலையையும் திரும்பத் திரும்ப அனுப்பினால் எந்த ரீலோடும் தாங்காது. அதனால் மலையை ஒருமுறை முழுசாக அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு மாறியதை மட்டும் அனுப்புகிறார்கள். எது மாறும், எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போட்டு ஊகிக்கிறார்கள். இப்படிச் சுருக்கி அனுப்பி, மறுபக்கம் விரிக்கிற முறைக்குப் பேர் கோடெக். 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஒன்றைவிட அடுத்தது இன்னும் குறைந்த டேட்டாவில் அதே படத்தைக் காட்டும்.

இவை உலகப் பொதுத் தரங்கள். எல்லாக் கம்பனிகளின் பொறியியலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உருவாக்கியவை. அப்படி ஒரு முறை தரமாகிவிட்டால் போன் செய்கிறவருக்கும் செயலி செய்கிறவருக்கும் அதைத் தவிர்த்து வேறு வழி கிடையாது. அதனால்தான் அதில் ஆக்கவுரிமை வைத்திருப்பவர்கள் "நியாயமான, பாகுபாடில்லாத" விலைக்கு உரிமம் தருவோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறார்கள். எது நியாயமான விலை? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. வழக்கு எல்லாம் வெடிக்கிறது அந்த ஓட்டைக்குள்ளேதான்.

எச்.265 கதையைப் பாருங்கள். 2014இல் ஒரு உரிமக் கூட்டு வந்தது: முதல் ஒரு இலட்சம் கருவிகள் இலவசம், அதற்குப் பிறகு கருவிக்கு 20 அமெரிக்க சதம். 2015இல் இரண்டாவது கூட்டு வந்தது. அது கருவிக்கு மட்டுமில்லை, ஸ்ட்ரீமிங் வருமானத்திலும் 0.5 சதவீதம் கேட்டது. எதிர்ப்பு கிளம்பியது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, 2018இல் ஸ்ட்ரீமிங்குக்கான கட்டணத்தையே கைவிட்டது. 2017இல் மூன்றாவது கூட்டு. எந்தக் கூட்டிலும் சேராமல் தனியாக நின்றவர்கள் வேறு. ஒரே ரோட்டுல மூணு டோல்கேட், அதுக்கு மேல காட்டுக்குள்ள ஒளிஞ்சி நின்னு கை நீட்டுறவங்க எத்தனை பேருன்னு தெரியாது. கடைசியில் என்ன ஆச்சு? 2018இல் கைவிட்ட அந்தக் கூட்டே 2025 ஜனவரியில் ஸ்ட்ரீமிங் சேவைகளிடம் கட்டணம் வாங்குவதற்கென்று புதிய கூட்டு ஒன்றை ஆரம்பித்தது. விட்டது திரும்பி வந்துவிட்டது.

இப்போது பக்கம் சேர்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

"நொக்கியா பாவம், ஆராய்ச்சி செஞ்சது அவங்கதானே" என்று சிலர் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்குச் செலவு செய்தது உண்மை. உழைத்தவருக்குக் கூலி வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் இந்தத் தரங்களில் ஜேர்மன் அரசுப் பணமும் போய்ச்சேரும் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனத்தின் உழைப்பும் பெரிய பங்கு. பொதுப் பணமும் கலந்த கிணத்துக்கு யார் யாரோ பூட்டுப் போடுறாங்க.

"அமேசன் பாவம், புதுமை செய்கிறவனை மிரட்டுறாங்க" என்று வேறு சிலர். எந்த அமேசன்? 1999இல் ஒரே கிளிக்கில் பொருள் வாங்குவதற்கு ஆக்கவுரிமை எடுத்து, அதே ஆண்டு பார்ன்ஸ் அன்ட் நோபள் புத்தகக் கம்பனி மீது வழக்குப் போட்ட அமேசன். ஒரு பொத்தானை அழுத்துவதைத் தன் சொத்து என்றவர்கள் இன்று நியாயம் பேசுகிறார்கள்.

இன்னொரு வழக்கில் நியாயம் இன்னும் வேடிக்கை. 2020இல் புரோட்கொம் நெட்பிளிக்ஸ் மீது வழக்குப் போட்டபோது சொன்ன குறைகளில் ஒன்று: மக்கள் கேபிள் டீவியை விட்டுவிட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போவதால் கேபிள் பெட்டிக்கான எங்கள் சிப் விற்பனை குறைகிறது. 2023இல் மியூனிக் நீதிமன்றம் எச்.265 தொடர்பான ஓர் ஆக்கவுரிமையை நெட்பிளிக்ஸ் மீறியதாகத் தீர்ப்பளித்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனா இதுல கண்டுபிடிப்பாளர் எங்கே இருக்கார்? நம்ம கண்ணுக்கு வியாபாரிங்கதான் தெரியுறாங்க.

இதெல்லாம் பார்க்கும்போது நமக்கு இறப்பர் ஞாபகம் வருகிறது. வரத்தானே வேணும். கேகாலையில ஒட்டுப்பால் வாசத்துல வளர்ந்த பிள்ளைங்க நாங்க.

1844இல் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு சார்ள்ஸ் குட்இயர் அமெரிக்காவில் ஆக்கவுரிமை வாங்கினார். மீறியவர்கள் மீது வழக்கு மேல் வழக்கு. 1852இல் டேனியல் வெப்ஸ்டர் என்ற பெரிய சட்டத்தரணியை வைத்து ஹொரஸ் டே என்பவருக்கு எதிரான வழக்கில் ஜெயித்தார். ஆனாலும் 1860இல் கடனோடுதான் செத்தார். அதற்குப் பிறகு 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. நம்ம தோட்டங்களின் மரங்களுக்கு அதுதான் பூர்வீகம். அமேசன் காட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த மரம் அது. அந்த அறிவை எடுத்துப்போனதற்கு யாரும் மீறல் வழக்குப் போடவில்லை. பால் வெட்டுற நம்ம தாத்தா பாட்டிமார் கைத்திறனுக்கு யாரும் ஆக்கவுரிமை கொடுக்கவும் இல்லை.

எது சொத்து, எது மீறல் என்று எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது? குட்இயர் காலத்திலும் அதுதான் கேள்வி, இன்றும் அதுதான் கேள்வி.

"சரி, இந்த வழக்கெல்லாம் வெளிநாட்டுல. ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனித்தனிதானே?" என்று சட்டம் படிக்கிற நம்ம தம்பி ஒருவர் கேட்டார். உண்மைதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இங்கே பதிவான ஆக்கவுரிமைக்குத்தான் இங்கே பலம், அதுவும் 20 வருடத்துக்கு. ஆனால் நம்ம கையில் இருக்கிற போன் இங்கே செய்தது இல்லை. சிப், திரை, மென்பொருள் என்று ஒவ்வொரு இடத்திலும் கட்டின உரிமத் தொகை விலைக்குள்ளே கரைந்துதான் பலாங்கொடைக் கடைக்கு வருகிறது. ஒரு கூட்டுக்கு 20 சதம் சின்னக் காசுதான், ஒத்துக்கொள்கிறோம். பெரிய இழப்பு வேறு. நாளைக்கு நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்து மலையகக் கூத்துக்கும் குறும்படத்துக்கும் ஒரு ஸ்ட்ரீமிங் செயலி செய்து வெளிநாட்டிலும் ஓடவிட்டால், யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஜன்னல் கிடையாது. அமேசனுக்கு வக்கீல் படை இருக்கு. நமக்கு? பெரியவன் வழக்கைச் செலவாக எழுதிவிட்டுப் போவான். சின்னவன் பயந்து ஆரம்பிக்கவே மாட்டான்.

வேறு வழி இல்லையா? இருக்கு. ஏற்கெனவே நம்ம போன்லயே இருக்கு.

துபாயில இருக்கிற அண்ணன் வட்ஸ்அப்பில் அனுப்புகிற வொய்ஸ் நோட், ஓபஸ் என்ற கோடெக்கில் வருகிறது. 2012இல் இணையத் தரமானது. உருவாக்கியவர்கள் உரிமத் தொகை இல்லாமல் பொதுவில் விட்டார்கள். கொம்யூனிகேசன் கடையில் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஓடவைக்கிற வீஎல்சி பிளேயர், பாரிஸில் மாணவர்கள் தங்கள் விடுதி வலையமைப்புக்காக ஆரம்பித்த வேலையில் பிறந்தது. 2018இல் வந்த ஏவி1 என்ற வீடியோ கோடெக்கும் உரிமத் தொகை இல்லை என்ற வாக்கோடு வந்தது. அதன் பின்னால் கூகிள், நெட்பிளிக்ஸ், ஏன் அமேசனும் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் தர்மவான்கள் இல்லை, டோல்கேட் காசை மிச்சம் பிடிக்க வந்தவர்கள். அதன் மீதும் 2020இல் ஒரு கூட்டு வந்து பங்கு கேட்டது. விலை குறைந்த பழைய போன்களில் ஏவி1 பார்த்தால் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்பதும் உண்மை. ஆனாலும் திறந்த பாதை ஒன்று சாத்தியம் என்பதை இவை காட்டிவிட்டன.

கண்டுபிடிக்கிறவனுக்குக் காசு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கேள்வி மூன்றே மூன்று. பொதுத் தரத்துக்குக் காசு வாங்குகிறவர் விலையை ஏன் வெளியே எழுதி ஒட்டக் கூடாது? யார் யாருக்கு எந்தப் பங்கு என்ற பட்டியல் ஏன் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது? இலட்சக்கணக்கான மக்கள் பயன்படுத்தும் சேவையை நிறுத்துவேன் என்ற மிரட்டலை ஏன் பேரம் பேசும் ஆயுதமாக அனுமதிக்க வேண்டும்? தோட்டத்துல செக்ரோல்ல பேர் எப்படி விழுதுன்னு கேக்கிறது தப்பில்லைன்னா, இதைக் கேக்கிறதும் தப்பில்லை.

நம்ம அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ போன்ற பொதுத் தளங்களில் ஏறும் ஒவ்வொரு பாடமும் உரிமத் தொகை இல்லாத வடிவத்திலும், குறைந்த டேட்டாவில் ஓடுகிற அளவிலும் கிடைக்க வேண்டும். வரிப்பணத்தில் செய்த பாடத்துக்கு நடுவில் வேறொருவர் கேட் போட இடம் வைக்கக் கூடாது.

எங்கள் பங்குக்கு நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். தோட்டத்துப் பெரியவர்களிடம் நாங்கள் பதிவு செய்கிற தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்து எல்லாவற்றிலும் ஒரு பிரதியை இனி திறந்த வடிவத்தில் சேமித்து வைப்போம். பார்க்கிறதுக்கு யூடியூப்பில் இருக்கட்டும். ஆனால் சாவி நம்ம கையில இருக்கணும்.

அக்கா, உங்க கேள்விக்கு இதுதான் பதில். சிக்னலுக்காகவும் சண்டை போடுவோம், அந்த சிக்னல்ல வர்றது யாருக்குச் சொந்தம்னும் கேப்போம். ரோடு போட்டுத் தாங்கன்னு கேக்கிற அன்னைக்கே, அதுல டோல்கேட் வைக்கிறது யாருன்னும் கேட்டு வச்சிக்கிறது நல்லது.