தட்டைப் பாதம்

பசறையிலும் நமுனுகுலவிலும் ஹப்புத்தளையிலும் மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பிழைக்கும் நம் மக்களுக்குப் பாதமே முதல் வாகனம். ஆகவே, பிள்ளையின் உள்ளங்கால் நிலத்தோடு ஒட்டியிருக்கக் கண்டு தாய் திடுக்கிடுவதில் வியப்பில்லை. லயத்து மூத்தோரும் தத்தமக்குத் தோன்றியதைக் கூறி அவளது கலக்கத்தைப் பெருக்கிவிடுகின்றனர்.

உண்மையில், கைக்குழந்தைகளின் உள்ளங்கால் தட்டையாகவே தோன்றும். அங்கே கொழுப்புத் திரண்டிருக்கிறது. எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் இன்னும் இறுகவில்லை. பெரும்பாலும் 10 வயதுக்குள் வளைவு உருவாகிவிடும். பிள்ளையை நுனிக்காலில் எழுந்து நிற்கச் செய்து பின்புறமிருந்து பாருங்கள். வளைவு தோன்றிக் குதிகால் உட்புறம் திரும்புமாயின், வலியும் இல்லாவிடின், சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை. அவ்வாறு வளையாது விறைத்து நிற்கும் பாதத்தையும், வலிக்கும் பாதத்தையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் வளைவு வந்துவிடும் என்று கடன்படுவோரும் உளர். வேண்டாம். இந்தியாவில் ராவ், ஜோசப் என்னும் வைத்தியர் இருவர் 4 முதல் 13 வயது வரையான 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பாதணி அணிந்தோரில் 100க்கு 8.6 பேருக்கும், வெறுங்காலினரில் 2.8 பேருக்குமே தட்டைப் பாதம் காணப்பட்டது!

இதைப் படித்துவிட்டுச் செருப்பை எறிந்துவிடலாகாது. ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு வெறுங்கால் வழியே உடலில் புகும். இலங்கைத் தோட்டங்களில் அந்நோயை ஒழிக்க 1916ஆம் ஆண்டிலேயே தனி இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. வீட்டினுள்ளும் துப்புரவான முற்றத்திலும் பிள்ளை வெறுங்காலுடன் ஓடட்டும். கான் ஓரத்துக்கும் மலசலகூடத்துக்கும் செருப்போடு செல்லட்டும்.

நாம் உண்மையில் அஞ்சுவது பிள்ளையைப் பற்றியன்று, தாயைப் பற்றியே. முன்பு நன்றாயிருந்த பாதங்களுள் ஒன்று நாற்பது வயதுக்குமேல் தட்டையாகத் தொடங்குவதுண்டு. உட்கணுக்காலின் பின்னே ஓடி வளைவைத் தாங்கும் தசைநாண் நைந்துபோவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். கணுக்காலின் உட்புறம் வீங்கி வலிக்கும். அந்த ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்த முடியாது. ‘அரைப்பேர்’ ஆகிவிடுமே என்று அவள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் கொழுந்தோடு மலை இறங்குகிறாள். தொடக்கத்திலே காட்டினால் ஓய்வு, வளைவைத் தாங்கும் உள்ளட்டை, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி ஆகியவற்றால் பலருக்கும் குணம் காணலாம். நாண் அறுந்து பாதம் விறைத்தபின் சத்திரசிகிச்சையை நாட நேரிடும். ஓய்வெடு என்று வைத்தியர் எளிதாகச் சொல்லிவிடுவார். அந்நாட்களில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் வீட்டு ஆண்கள் சுமக்க முன்வருதல் வேண்டும்.

நீரிழிவு உள்ளவரின் பாதம் வலியே இன்றி வீங்கிச் சூடேறினால், காலூன்றி நடக்க விடாது அன்றே பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.