மதுப்புட்டியுடன் நாடு திரும்புகிறீர்களா? 'டியூட்டி ஃப்ரீ' பலகையை மட்டும் நம்பாதீர்கள்

நீங்கள் விடுமுறைக்குக் கிளம்புவது தெரிந்தால் போதும். "வரும்போது ஒரு பாட்டில் வாங்கிட்டு வாயேன்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவார்கள். விமான நிலையக் கடையில் விலையைப் பார்த்தால், சிங்கப்பூரைவிட மலிவு. பலகையில் 'டியூட்டி ஃப்ரீ' என்று பெரிதாக எழுதியிருக்கும். அப்புறம் என்ன யோசனை?

கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். வெளிநாட்டு விமான நிலையத்தில் இருக்கும் அந்தப் பலகை, அந்த நாட்டின் வரி இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. சிங்கப்பூருக்குள் நுழையும்போது தீர்வை உண்டா, இல்லையா என்பதை முடிவு செய்வது கடை அல்ல, உங்கள் பயணம்.

யாருக்குச் சலுகை?

தீர்வை விலக்கு கிடைக்க இந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் நீங்கள் பூர்த்தி செய்ய வேண்டும்:

• வயது 18 அல்லது அதற்கு மேல்
• திரும்புவதற்கு முன் சிங்கப்பூருக்கு வெளியே குறைந்தது 48 மணி நேரம் இருந்திருக்க வேண்டும்
• மலேசியாவிலிருந்து வந்திருக்கக்கூடாது
• மது உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக இருக்க வேண்டும்

பலர் சறுக்குவது 48 மணி நேரத்தில். வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குப் பேங்காக் கிளம்பி, ஞாயிறு மாலை 6 மணிக்குச் சாங்கிக்குத் திரும்பினால் 46 மணி நேரம்தான் ஆகியிருக்கும். 'மூணு நாள் ட்ரிப்' என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சட்டத்தின் கணக்கில் சலுகை இல்லை. முதல் சொட்டிலிருந்தே தீர்வை உண்டு.

லங்காவியில் வாங்கினால்?

லங்காவி 1987இலிருந்து தீர்வையற்ற தீவு. அங்கே மது மலிவு என்பது உண்மைதான். ஆனால் லங்காவி மலேசியாவில் இருக்கிறது. ஒரு வாரம் தங்கியிருந்தாலும், விமானத்திலேயே வந்தாலும், மலேசியாவிலிருந்து வருபவருக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கான சலுகை கிடையாது. கோலாலம்பூர், பினாங்கு விமானங்களுக்கும் இதே கதைதான்.

பாலத்தைக் கடந்தால் ஜொகூர் என்ற நிலையில், இந்த விதி இல்லாவிட்டால் சிங்கப்பூரின் மதுபானத் தீர்வைக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2 லிட்டர் என்றால் எந்த 2 லிட்டர்?

2019 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பு ஒருவருக்கு 3 லிட்டர் வரை சலுகை இருந்தது. இப்போது 2 லிட்டர். அதற்காக 2 லிட்டர் விஸ்கி கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை. இந்த ஐந்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்:

• 1 லிட்டர் ஸ்பிரிட்ஸ், 1 லிட்டர் வைன்
• 1 லிட்டர் ஸ்பிரிட்ஸ், 1 லிட்டர் பீர்
• 1 லிட்டர் வைன், 1 லிட்டர் பீர்
• 2 லிட்டர் வைன்
• 2 லிட்டர் பீர்

விஸ்கி, ரம், பிராந்தி, வோட்கா எல்லாம் ஸ்பிரிட்ஸ். எந்தக் கணக்கிலும் ஸ்பிரிட்ஸ் 1 லிட்டரைத் தாண்டாது. ஆக, 700 மில்லிலிட்டர் விஸ்கி இரண்டு வாங்கினாலே வரம்பு மீறிவிடும். சாங்கியில் வந்திறங்கியபின் வாங்குவதும் இதே 2 லிட்டரில்தான் சேரும். அது தனிக் கணக்கு இல்லை.

கூடுதலாக இருந்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?

கூடுதலாகக் கொண்டுவருவது குற்றமல்ல. வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்பிரிட்ஸுக்கும் வைனுக்கும் தீர்வை, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. கவனியுங்கள்: ஒரு லிட்டர் மதுவுக்கு அல்ல, அதில் உள்ள ஆல்கஹாலுக்கு.

ஓர் உதாரணம். சலுகையில் 1 லிட்டர் விஸ்கி கொண்டுவருகிறீர்கள். அதோடு 80 வெள்ளிக்கு வாங்கிய இன்னொரு 700 மில்லிலிட்டர் விஸ்கியும் இருக்கிறது. அதில் ஆல்கஹால் 40 விழுக்காடு.

தீர்வை: 0.7 × 40% × 88 = 24.64 வெள்ளி
பொருள், சேவை வரி: (80 + 24.64) × 9% = 9.42 வெள்ளி
மொத்தம்: 34.06 வெள்ளி

அதாவது அந்த 80 வெள்ளிப் புட்டியின் உண்மையான விலை 114.06 வெள்ளி. இங்குள்ள கடை விலையோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இன்னொன்றும் புரியும். 80 வெள்ளி விஸ்கிக்கும் 300 வெள்ளி விஸ்கிக்கும் அளவும் ஆல்கஹால் விழுக்காடும் ஒன்றென்றால் தீர்வையும் ஒன்றுதான். மாறுவது பொருள், சேவை வரி மட்டுமே. எனவே, மலிவு விலைப் புட்டியைக் கூடுதலாகச் சுமந்து வருவதில்தான் லாபம் சீக்கிரம் கரைந்துபோகும்.

"500 வெள்ளிக்குள் வாங்கினால் வரி இல்லைதானே?" என்று கேட்கிறீர்களா? 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கான அந்தப் பொருள், சேவை வரி விலக்கு, மதுவுக்கும் புகையிலைக்கும் பொருந்தாது.

சொல்லாமல் வந்தால்?

வரி ஏய்ப்புக்கு, ஏய்த்த தொகையைப் போல் 20 மடங்கு வரை அபராதம் விதிக்கப்படலாம். ஈராண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். மேலே சொன்ன 34.06 வெள்ளி, 20 மடங்கானால் 681.20 வெள்ளி. அந்தப் பணத்தில் இன்னொரு விடுமுறைக்கே போய்வரலாம்.

வரம்பு மீறியது தெரிந்தால், சாங்கியில் சிவப்புத் தடத்துக்குச் செல்லுங்கள். அல்லது வந்து சேர்வதற்கு முன்பே சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் 'கஸ்டம்ஸ்@எஸ்ஜி' தளத்தில் அறிவித்து வரியைக் கட்டிவிடலாம். பச்சைத் தடத்தில் பிடிபட்ட பிறகு "தெரியாது சார்" என்று சொல்வது உங்களைக் காப்பாற்றாது.

விமானத்தில் எதில் வைப்பது?

பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் வைத்துப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட முடியாது. சோதனைக்குப் பிறகு கடையில் வாங்கியதென்றால், ரசீதுடன் முத்திரையிட்ட பையில் தருவார்கள். இடையில் விமானம் மாறுவதாக இருந்தால், வீடு வந்து சேரும்வரை அதைப் பிரிக்காதீர்கள். பிரித்த பை அடுத்த சோதனையில் பறிபோகலாம்.

சரக்குப் பெட்டியில் வைப்பதற்கு ஆல்கஹால் அளவுதான் முக்கியம். 24 முதல் 70 விழுக்காடு வரை என்றால் ஒருவருக்கு 5 லிட்டர். 70க்கு மேல் என்றால் அனுமதி இல்லை, எளிதில் தீப்பிடிக்கும். கடையில் விற்கும் அதே புட்டியில் மூடி பிரிக்காமல் இருக்க வேண்டும். கோவாவில் யாரோ தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிக் கொடுத்த ஃபெனி இதில் சேராது.

விமான நிறுவனத்தின் 5 லிட்டரையும் சுங்கத்துறையின் 2 லிட்டரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது பாதுகாப்பு விதி, இரண்டாவது வரி விதி. ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறியதாக ஆகாது.

அந்த வாட்ஸ்அப் நண்பருக்கு என்ன சொல்வது?

சலுகை உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். நண்பருக்காக வாங்கும் புட்டியை அதில் சேர்க்க முடியாது. அறிவித்து வரி கட்ட வேண்டும். கொண்டுவந்ததை டெலிகிராமில் விற்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சிங்கப்பூரில் மது விற்க உரிமம் தேவை.

"வாங்கிட்டு வரேன், ஆனா வரியையும் நீதான் கொடுக்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கும் சரி என்றால் வாங்கலாம். பதிலே வராவிட்டால், உங்கள் பெட்டியில் ஒன்றரைக் கிலோ மிச்சம்.