மழையிலும் நிற்காத கடிகாரம்

கார்த்திகை மழையில் கடையநல்லூர் ஐந்தரை மணிக்கே இருண்டிருந்தது. கைப்பேசியைப் பாலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டு, உணவுப் பொட்டலத்துடன் என் வாசலில் நின்றார் ஓர் இளைஞர். பை நனையவில்லை, அவர் முழுதாக நனைந்திருந்தார். "மழை விட்டதும் போங்க தம்பி" என்றேன். "இன்னும் ரெண்டு ஆர்டர் இருக்கு சார்" என்று கிளம்பிவிட்டார்.

மழைக்கு அஞ்சி நாம் வீட்டுக்குள் இருக்கும் நாளில்தான் அவருக்கு வேலை கூடுகிறது. வண்டியும் பெட்ரோலும் அவருடையவை. வழுக்கி விழுந்தால் இழக்கும் வருமானமும் அவருடையதே. நான் கொடுக்கும் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு (அதையும் எல்லா நாளும் கொடுப்பதில்லை) இதற்கு ஈடாகாது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைத் தென்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு சுதந்திர தின உரையில்தான் இத்தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைக்கப்படும் என முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார், வாரியமும் அமைந்தது. பின்னர் சென்னை மாநகராட்சி அவர்களுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. நல்ல தொடக்கம். எங்களைப் போன்ற சிறு நகரங்களில் அவர்கள் ஒதுங்குவது மூடிய கடைகளின் தகரக் கூரைக்கடியில்தான்.

கனமழை என்றால் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார். ஆசிரியரின் ஊதியம் அன்று குறைவதில்லை. செயலியின் கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை நாளில் ஆர்டர்களை நிறுத்தவும், அன்றைக்குக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விதியை, அடுத்த பருவமழைக்கு முன்பே அரசு கொண்டுவர வேண்டும்.