எழுதிக் கொடுங்கள்

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை. பிரஷர் மாத்திரைக்காகத் திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனை ஜன்னலில் நின்றேன். மாஸ்க் போட்ட அம்மா ஏதோ சொன்னார். எனக்குக் காது மந்தம். உதட்டைப் பார்த்தால்தான் பாதியாவது புரியும். (பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வாத்தியார் "என் உதட்டைப் பாருடா" என்று குட்டிக் குட்டிப் பழக்கியது.) "எழுதிக் காட்டுங்கம்மா" என்றேன். கோபம் வந்துவிட்டது. என் பெயரை முன்பே கூப்பிட்டாயிற்றாம், நான்தான் வரவில்லையாம். வெறுங்கையோடு திரும்பினேன்.

மாஸ்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவன். "வாய்வார்த்தை செல்லாது, எழுதிக் கொடுங்கள்" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! காது கேளாதவன் கேட்கும்போது மட்டும் எழுத்து பாரமாகிவிடுகிறதா?

ஆம்புலன்ஸுக்கு 108, ஆலோசனைக்கு 104. இரண்டுக்கும் பேச வேண்டும், பதிலைக் காதால் கேட்க வேண்டும். தனியாக இருக்கும் செவிடருக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வார்?

அரசு, தனியார் என்று எந்த மருத்துவமனையானாலும் மாற்றுத்திறனாளிக்குத் தடை இருக்கக்கூடாது என்கிறது 2016ஆம் வருடச் சட்டம். இதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு ஸ்லேட்டு, பலப்பம், பாங்கில் இருப்பதுபோல் டோக்கன் நம்பர் காட்டும் பலகை போதும்.

இப்போது சட்டைப்பையில் நானே ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எழுதி நீட்டுகிறேன். படித்துவிட்டு, பதிலை வாயால் சொல்கிறார்கள்.