கனி காக்கும் கணக்கு

காரைக்குடி நகரின் ஒரு பகுதி செக்காலை. செக்கு, ஆலை என்னும் இரு சொற்களையும் நினைவூட்டும் பெயர் அது. செக்கில் இட்ட எள்ளின் தரம் எண்ணெய் வடியும்பொழுதே தெரியும். வேனிற்காலத்தில் கடைகளுக்கு வரும் மாங்கனியும் அத்தகையதே. மேனி பொன்னிறமாய் ஒளிரும், மணம் அழைக்கும். வீட்டிற்குக் கொணர்ந்து அரிந்தாலோ, சதையின் நடுவே வெண்புழுக்கள் நெளிவதுண்டு. வாங்கியவர் விற்றவரைப் பழிப்பார். விற்றவர் தோட்டத்தாரைப் பழிப்பார். ஆனால், அக்கேடு கனி மரத்தில் தொங்கியபொழுதே தொடங்கிவிட்டது.

அதற்குக் காரணம் பழ ஈ. பெண் ஈ, முற்றிவரும் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். சில நாளில் முட்டை பொரிந்து, புழுக்கள் சதையை உண்ணும். கனி அழுகி விழும். பின்னர்ப் புழு மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாய் வெளிவரும். புழு உள்ளே புகுந்தபின் மேலே தெளிக்கும் மருந்தினால் பயன் மிகுதியாக விளைவதில்லை. ஆதலின், ஈ பெருகும் காலத்தை முன்னரே அறிதல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதன்றோ அறிவுடைமை?

முன்னறிதல் என்பது குறி சொல்லுதல் அன்று. எண்ணிப் பார்த்தல் ஆகும். பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்னும் பூச்சியியல் அறிஞர், கொசுவை ஓட்டப் பயன்படும் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பழ ஈக்கள் நாடி வருதலை 1912இல் எடுத்துரைத்தார். மெத்தில் யூஜினால் என்னும் பொருளுக்கும் அக்கவர்ச்சி உண்டென 1915இல் விளக்கினார். துளசியிலும் காணப்படும் பொருள் அது. இன்று அதனையும் சிறிது பூச்சிமருந்தையும் ஊட்டிய மரத்துண்டைப் பொறியினுள் தொங்கவிடுகின்றனர். வாரந்தோறும் அதில் வீழ்ந்த ஈக்களை எண்ணி ஏட்டில் குறித்தால், அவை பெருகுவதும் குறைவதும் தெளிவாகும்.

ஆயினும், பொறியில் வீழ்வன ஆண் ஈக்கள். முட்டையிடுவன பெண் ஈக்கள். எனவே எண்ணிக்கை ஒன்றே முடிவாகாது. காய் முற்றும் பருவம், வெப்பம், கோடை மழை ஆகியவற்றையும் சேர்த்து நோக்கினால்தான் வரவிருக்கும் கேட்டை ஒருவாறு மதிப்பிடலாம்.

“நாள் குறித்து மருந்து தெளித்தால் போதாதோ? எண்ணுவானேன்?” என்பார் சிலர். ஈ இல்லாத நாளில் தெளித்த நஞ்சு வீண்; நன்மை செய்யும் பூச்சிகளையும் அது கொல்லும்; உண்பவர்க்கும் தீங்கு பயக்கக்கூடும். ஈ பெருகிய நாளில் வாளாவிருந்தாலோ விளைவு பாழாகும். இரு தவறுகளையும் தவிர்க்கும் வழி கணக்கே.

இக்கணக்கை ஒருவர் மட்டும் போடுவதாற் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்திற்கும் நான்கு வகைக் காய்கறிகளுக்கும் தடை விதித்தது. முந்திய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டமையே காரணம். மாம்பழத்தின்மேல் இருந்த தடை 2015இன் தொடக்கத்தில் நீங்கியது. அதுவரை, தோட்டத்தைத் தூய்மையாகக் காத்தவரின் கனிக்கும் அக்கதவு அடைபட்டே இருந்தது.

ஊரிலும் நிலை இதுவே. மரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர், அறுவடை முடிந்ததும் போய்விடுவார். உதிர்ந்த கனி அவர்க்குச் சுமை. நிலத்திற்கு உரியவரோ, அதுவும் குத்தகையாளர் பொறுப்பென இருந்துவிடுவார். இவ்வாறு கேட்பாரற்று அழுகும் கனியே அடுத்த தலைமுறை ஈக்களின் தொட்டில். ஈக்கு வேலி ஏது? ஒரு தோட்டத்தில் பிறந்தது மறு தோட்டத்தில் முட்டையிடும். ஆதலின், உதிர்ந்த கனியைப் பொறுக்கி ஆழப் புதைக்கும் கடமை யாருடையது என்பதைக் குத்தகை பேசும்பொழுதே உறுதி செய்தல் வேண்டும்.

பொறியின் எண்ணிக்கையையும் ஊர்ப் பொதுவில் வைத்தல் நன்று. குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் போன்றவற்றின் அறிவுரையைக் கேட்டு, அண்டைத் தோட்டத்தார் அனைவரும் ஒருங்கே செயற்படலாம். தோட்டத்தார் வீட்டுப் பிள்ளைகள், பெரியோர் எண்ணிச் சொல்லும் தொகையை ஏட்டில் எழுதி உதவலாம்.

கேடு வருவதை எண் அறிவிக்கும்; அதனைத் தடுப்பது கைகளே. அக்கைகள் ஒன்றுபடுமாயின், செக்காலையில் வாங்கிய கனியை அஞ்சாது அரியலாம்.