வலுவுக்கு முன் அடக்கம்

தமிழ்ப் பண்டிதனுக்குப் பந்தய வண்டியில் யாது பணியென்று சிலர் வினவலாம். ஆற்றலும் அடக்கமும் முரணுமிடம் எதுவாயினும் அஃது ஆசிரியன் சிந்தனைக்குரியதே.

ஜேர்மனியில் 1927 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நூர்பர்க்றிங் பந்தயப் பாதையின் வடசுற்று ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமுடையது. குறித்த நாட்களிற் கட்டணஞ் செலுத்திப் பொதுமக்களும் அங்குத் தம் சொந்த வண்டிகளை ஓட்டலாம். அவ்வாறு செல்ல விழையும் இளைஞர் சிலர் முதற்கண் எஞ்சினின் வலுவைப் பெருக்கவே முனைகின்றனர். வலு இன்பந் தருமென்பதை யான் மறுக்கேன். முறை பிறழ்ந்ததென்றே கூறுவேன்.

வேகம் இருமடங்காயின் அதனை நிறுத்துதற்குப் பிறேக்குகள் ஏற்கவேண்டிய ஆற்றல் நான்மடங்காகும். அது வெப்பமாக மாறுகின்றது. பிறேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 என்னும் தரவிதிப்படி புதிய எண்ணெயின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறைதலாகாது. ஈரமேறிய எண்ணெய்க்கோ 155 பாகையே அவ்விதி வேண்டும் எல்லை. எண்ணெய் கொதித்து ஆவியெழுந்தால், அவ்வாவி அமுங்குமேயன்றி விசையைக் கடத்தாது. மிதி தரைவரை தாழும்; வண்டியோ நில்லாது.

ஆதலின், முதலில் எண்ணெயைப் புதுக்குக, மிகு வெப்பந் தாங்கும் பிறேக் கட்டைகளைப் பொருத்துக, ரயர்களைச் சோதிக்க, வேண்டாப் பாரத்தைக் களைக. வலுவைப் பெருக்குதல் அதன் பின்னரே ஆகுக. எண்ணெய்க்காகும் செலவு சிறிது. அதனைச் சார்ந்து நிற்பனவோ ஓட்டுவான் உயிரும், அவன்முன் செல்வான் உயிரும்.